இரண்டு பக்கமும் மாத்தளை

மருத்துவக் கருவி, ரத்தப் பரிசோதனைக் கம்பெனிகளின் பங்குகளைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுக்கும்படி உங்கள் மேலாளர் கேட்டிருக்கிறார். நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உங்கள் திரையில் ஓடுகிற கோடுகளில் பாதி எனக்குப் புரிவதில்லை. மீதிப் பாதி உங்களுக்கும் புரிவதில்லை என்று உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆகவே விகிதங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. நான் யோக்கியன் என்று பெயர் வாங்கிய ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு விகிதங்களைவிடப் பயன்படும்.

மாத்தளை பிரதான வீதியில் ஒரு துணிக்கடையின் மேல் மாடியில் நம் பங்குத் தரகுக் கம்பெனியின் கிளை இருந்தது. இரண்டு அறை, ஒரு விலைத்திரை, இரண்டு தொலைபேசி, வருகிறவர்கள் உட்கார ஒரு மரவாங்கு. என்னை அங்கே ஆலோசகராக அனுப்பியதற்கு என் திறமை காரணம் அல்ல. உக்குவளையில் பிறந்தவன், மூன்று மொழியும் பேசுவான், போக மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் என்பவைதான் காரணங்கள். மிளகு, கொக்கோ வியாபாரிகள் வருவார்கள். அலுவிகாரைப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வருவார்கள். பங்கு வாங்க வருகிறவர்களைவிட மின்விசிறிக்கு வருகிறவர்கள்தான் கூடுதல்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. போரில் மூடிக் கிடந்த ஏ-ஒன்பது வீதி திறந்துவிட்டது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே யாழ்ப்பாணம் போகும் லொறிகள் போய்க்கொண்டே இருந்தன. கொழும்பில் எல்லாப் பங்கும் ஏறியது. அப்போதுதான் ஒரு கம்பெனி எங்கள் கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம். ரத்தத்தில் சீனி பார்க்கும் கருவிகளை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டு, கூடவே ரத்தப் பரிசோதனைக் கூடங்களும் நடத்தியது. அதன் ஆண்டறிக்கையில் ஒரு வரைபடம் இருந்தது. மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் வரை வீதி நெடுகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் இனித் திறக்கப்போகும் ஒரு நிலையமாம். மாத்தளைப் புள்ளி ஒன்றுதான் அப்போதைக்கு உண்மையில் இருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில். ரத்தத்தை அங்கே எடுத்துக் கண்டிக்கு அனுப்புவார்கள். மறுநாள் ரிப்போர்ட் வரும்.

அந்தப் பங்கை விற்க எனக்கு ஒரு வசனம் கிடைத்தது. "பிஸ்கட் வாங்காம இருப்பாங்க, சீலை வாங்காம இருப்பாங்க. நோய் வராம இருப்பாங்களா?" இதைச் சொல்லும்போது நானே என்னை மெச்சிக்கொள்வேன். நோய் வருவது வேறு, வந்த நோயைக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்வது வேறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சோம்பேறித்தனமாகவும் நான் விற்கவில்லை. கொழும்பில் என் முதல் மேலதிகாரி ஒருவர் இருந்தார். கடும் ஆள். அவர் சொல்வார்: "கணக்கை யாரும் அழகாக எழுதலாம். நீ வாசலைப் போய்ப் பார்." சோப்புக் கம்பெனியா, கடைக்காரனின் தட்டைப் பார். ஹோட்டலா, பின்பக்கம் போய்ச் சலவைக்குப் போகும் விரிப்பைப் பார். நானும் பார்த்தேன். மூன்று நாள் காலையில் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எதிரே நின்று பிளேன்டீ குடித்தேன். மூன்று நாளும் வரிசை வாசலைத் தாண்டிப் பேக்கரிவரை நின்றது. நாலாம் நாள் என் சொந்தச் சேமிப்பில் பெரும்பகுதியை அந்தப் பங்கில் போட்டேன். இவ்வளவு வரிசை உள்ள இடத்தில் பணம் போடாதவன் மடையன் என்று எண்ணினேன்.

அந்த வாரம்தான் அவர் வந்தார். உக்குவளைக்கு மேலே மலையிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிஸ்பென்சர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதிலிருந்து காயத்துக்குத் தையல் போடுவதுவரை அவர்தான். தோட்டத்தில் டாக்டர் ஐயா என்று அழைப்பார்கள். என் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த முதல் வாடிக்கையாளர் அவர்.

"தோட்டத்து ஆளுங்க இங்க வரலாமுங்களா சார்?"

"யாரும் வரலாம் ஐயா. உக்காருங்க."

அவர் மரவாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து தன் நிலைமையைச் சொன்னார். இன்னும் சில மாதத்தில் வேலையிலிருந்து விலகுகிறார். புதிய டிஸ்பென்சர் வந்ததும் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவருக்கும் மனைவிக்கும் போக இடமில்லை. அவருடைய அப்பா தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர். இவர் குவாட்டர்ஸில் இருந்தாலும் அதுவும் தோட்டத்தின் சொத்துதான்.

"பலாபத்வலைல பத்து பேர்ச் காணி பேசி அட்வான்ஸ் குடுத்துட்டேங்க. சேமலாப நிதி கைக்கு வந்துட்டுது. சர்வீஸ் காசு வெலகும்போது வரும். ரெண்டையும் சேர்த்தா சுவரு வரைக்கும் கட்டிடலாம். கூரைக்குப் பத்தாது. பேங்குல போட்டா ஒரு வருசத்துல கூரை வருமான்னு பார்த்தேன், வராது போலருக்கு."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். ஒரு வருடத்தில் தேவைப்படுகிற பணத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு வராதீர்கள். இது உங்களுக்கும் முதல் நாளே கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கும். எனக்கும் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

"இந்த ரத்தம் பார்க்கிற கம்பெனி எப்படிங்க சார்? தோட்டத்துலருந்து நான் அங்கதான் அனுப்புறேன்."

வைத்தியத் துறையிலேயே இருக்கிறவர், மாதக்கணக்கில் அங்கே ரத்தம் அனுப்புகிறவர், அவரே அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார். இதைவிட என்ன உறுதி வேண்டும்? நான் நாற்காலியில் சாய்ந்து, எல்லாம் தெரிந்தவன் மாதிரிச் சிரித்தேன்.

"ஐயா, அதை நீங்களே எனக்குச் சொல்லணும்" என்றேன்.

அவர் என் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். சேமலாப நிதி முழுவதும் அந்தப் பங்கில் போனது.

பங்கு ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? அது அதிகம் கைமாறாத பங்கு. நானும் என் பேச்சைக் கேட்ட மாத்தளை வியாபாரிகளும் ஆசிரியர்களும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினாலே விலை நகரும். நாங்கள் வாங்கியதால் ஏறிய விலையைக் காட்டி, பார்த்தீர்களா ஏறுகிறது என்று இன்னும் நாலு பேரை வாங்க வைத்தேன். இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. நான் கெட்டிக்காரன் என்று மனதார நம்பித்தான் செய்தேன்.

சில மாதத்தில் டிஸ்பென்சருக்குச் சர்வீஸ் காசு வந்தது. அவர் அதைச் செங்கல்லுக்கு எடுத்துப் போவதாக இருந்தார். நான்தான் தடுத்தேன். "அவசரப்படாதீங்க ஐயா. விலை கொஞ்சம் இறங்குனா இன்னும் பிடிக்கலாம். ஒரு கட்டளை போட்டு வைப்போம், இறங்குற அன்னைக்குத் தானா வாங்கிடும்" என்றேன். கட்டளைக்கு ஒரு விலை சொன்னேன். வட்டமான எண். வட்டமான எண்களில் எனக்கு அப்போது ஒரு மோகம், எல்லா வாடிக்கையாளருக்கும் அதே எண்ணைத்தான் சொல்வேன். அவர் கையெழுத்துப் போட்டார். கட்டளை கணினியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று வாரத்தில் நான் அதை மறந்துவிட்டேன்.

இனி அந்த நாள்.

காலையில் முதல் ஆளாக வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பாடசாலை அதிபர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக மாத்தளையில் இருப்பவர். பருத்த உடம்பு, படியேறினால் கொஞ்ச நேரம் பேச மாட்டார். மூச்சு வந்ததும், "தம்பி, அந்த ரத்தப் பரிசோதனைக் கம்பனியில எனக்கும் கொஞ்சம் எடுத்துவிடும். எல்லாரும் எடுத்திட்டினம்" என்றார். வழக்கமான வட்ட எண்ணில் அவர் கட்டளையையும் போட்டேன். பென்ஷனில் மிச்சம் பிடித்த பணம் என்று சொல்லிவிட்டு மின்விசிறிக்குக் கீழே சற்று இருந்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் டிஸ்பென்சர் வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அந்தக் கம்பெனியின் ரிப்போர்ட்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"இது ரெண்டும் நானே எடுத்து அனுப்புன என் ரத்தம். ஒரே நாளு, ஒரே நேரம். ஒண்ணு என் பேருல குடுத்தேன், ஒண்ணு என் சம்சாரம் பேருல. இதுல எனக்குச் சீனி வியாதி. அதுல சுத்தமா இல்ல."

நான் தாள்களைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் விளங்காது, ஆனால் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்பது எந்த மடையனுக்கும் விளங்கும்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"ரொம்ப நாளாச் சந்தேகமுங்க. தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு வர்ற ரிப்போர்ட்டு ஆளைப் பார்த்தா பொருந்தாது. வெளுத்துப் போயிருப்பா, ரிப்போர்ட்டுல ரத்தம் நல்லாருக்குன்னு இருக்கும். மொதல் நாள் உங்ககிட்ட வந்தப்ப அதைத்தான் சார் கேக்க வந்தேன், கம்பெனி எப்படின்னு. நீங்க சிரிச்சீங்க. சரி, சாருக்கு உள்விசயம் எல்லாம் தெரியும்போல, நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு இருந்துட்டேன்."

தம்பிகளே, தங்கைகளே, இதைப் படித்துச் சிரிப்பதானால் சிரித்துவிடுங்கள். அவருக்குத் தெரியும் என்று நம்பி நான் விற்றேன். எனக்குத் தெரியும் என்று நம்பி அவர் வாங்கினார். இரண்டு பேரும் வெட்கப்படாமல் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். தோட்டத்தில் வளர்ந்த மனிதன், டை கட்டியவன் சிரித்தால் அதற்கு மேல் கேட்க மாட்டான். டை கட்டியவன் கேட்டால் அவன் கௌரவம் போய்விடும்.

"ஐயா, இப்பவே வித்துடுவோம்" என்றேன். "விலை நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கே வித்தா உங்களுக்குக் கொஞ்சம் லாபம்கூட வரும்."

அவர் இதைப் பற்றி யோசித்திருக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் அதுக்கு வரலீங்க. நம்ம கம்பெனிதானுங்களே. பிழை விடுறாங்கன்னா பங்குக்காரங்க நாமளே சொல்லணும். கம்பெனித் தலைவருக்கு ஒரு கடுதாசி எழுதணும், விலாசம் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கடுதாசி அப்புறம் எழுதலாம். மொதல்ல விப்போம்."

"வித்தா யாரு சார் வாங்குவாங்க?"

"அது தெரியாது ஐயா. சந்தையில வாங்குறது யாருன்னு யாருக்கும் தெரியாது."

"யாராவது வாங்கத்தானே வேணும். இதைத் தெரிஞ்சிக்கிட்டே இன்னொருத்தர் தலையில கட்டுறது எப்படிங்க? பழுதான மருந்தைக் குப்பியை மாத்திக் குடுக்குற மாதிரி. நான் அப்படிச் செஞ்சதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. நல்லவர்களிடம் வரும் கோபம் ஒரு தனி வகை. உங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, நீங்கள் கம்பெனிக்குப் புத்தி சொல்லப் போகிறீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். இரண்டு தாளையும் நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கணினியில் ஒரு வாங்கும் கட்டளை வைத்திருக்கிறார், அதை ரத்துச் செய்ய வேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் மனம் என் சொந்தப் பங்குகளிடம் போயிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு நேராக அந்த நிலையத்துக்குப் போனேன். வரிசை வழக்கம்போல் பேக்கரிவரை நின்றது. ரத்தம் எடுக்கிற முஸ்லிம் பெண் ஒருத்தி மேசையில் தனியாக இருந்தாள். என்னைத் தெரியும். மூன்று காலை எதிரே நின்று பிளேன்டீ குடித்த ஆளை எப்படித் தெரியாமல் போகும்?

"நல்ல கூட்டம் போல" என்று தொடங்கினேன்.

"என்னத்த கூட்டம் சேர்? இதுல புதுசா ரத்தம் குடுக்க வந்தவங்க ஏழெட்டுப் பேர் இருப்பாங்க. மத்த ஆக்கள் எல்லாம் ரிப்போட் கேட்டு வந்தவங்க. மூணாந்தரம், நாலாந்தரம் வாற ஆக்களும் இருக்காங்க. கண்டில மெசின் அடிக்கடி பழுது. நான் என்ன செய்றது, நாளைக்கு வாங்க எண்டு அனுப்புறேன். நாளைக்கு வருவாங்க. அதுதான் இந்த வரிசை."

"எவ்வளவு நாளா இப்படி?"

"நான் வேலைக்கு வந்ததுல இருந்து. நீங்க முந்தி அங்க நிண்டு பார்த்துக்கிட்டு இருந்தீங்களே, அப்பவும் இதே ஆக்கள்தான் வந்துக்கிட்டு இருந்தாங்க."

நான் வாசலைப் பார்த்திருந்தேன். மேலதிகாரி சொன்னபடியே பார்த்திருந்தேன். வரிசையில் நின்ற யாரிடமாவது எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். வியாபாரம் நடக்காததால் நின்ற வரிசையை வியாபாரம் என்று எண்ணி என் சேமிப்பைப் போட்டிருந்தேன்.

மாடிக்குத் திரும்பியபோது சட்டை நனைந்திருந்தது. திரையைப் பார்த்தேன். அன்றைய விலைக்குச் சற்றுக் கீழே, அதே வட்ட எண்ணில் வாங்குவதற்குக் கட்டளை நின்றது. திரையில் பெயர் வராது. பெயர் எனக்கு வேண்டியதில்லை, காலையில் அதை என் கையால் போட்டவன் நான். அதிபரின் கட்டளை. என் பங்கு மொத்தத்தையும் அந்த விலைக்கு விற்கும்படி கொழும்புக்குச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அந்த விசயத்தில் எனக்கு நல்ல பயிற்சி.

சந்தை மூடிச் சற்று நேரத்தில் கொழும்பு வர்த்தக மேசையிலிருந்து சக ஊழியர் ஒருவர் அழைத்தார்.

"என்னப்பா, விளையாடுறியா? விக்கிறதும் நீ, வாங்குறதும் நீயா? ரெண்டு பக்கமும் மாத்தளைன்னு வருது."

"ஓ, எங்க அதிபர் ஒருத்தர்..." என்று தொடங்கினேன்.

"அதிபர் இல்ல. அவரோட கட்டளை அப்படியே நிக்குது. இது மூணு வாரத்துக்கு முந்திப் போட்டது. ஒரே விலைன்னா முந்தினவருக்குத்தானே முதல்ல போகும்?" என்று பெயரை வாசித்தார்.

டிஸ்பென்சரின் பெயர்.

தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு மரவாங்கில் போய் உட்கார்ந்தேன். கூரைக்குப் பணம் இல்லாமல் வந்த மனிதருக்கு இப்போது சுவருக்கும் இல்லை. அவர் தெரிந்தே யார் தலையிலும் கட்டமாட்டேன் என்று சொன்ன பங்கை, அதே முற்பகலில், தெரிந்தே அவர் தலையில் நான் கட்டிவிட்டேன். புதிய டிஸ்பென்சர் மாத முடிவில் வருகிறார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கீழே துணிக்கடையில் வானொலி சத்தமாக ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

பிழைப் படிவம் என்று ஒன்று உண்டு. உங்களுக்கும் இருக்கும். ஆலோசகர் தவறுதலாக ஒரு கட்டளையை நிறைவேற்றிவிட்டால், அன்றைக்கே அந்தப் படிவத்தை அனுப்பி, அந்தப் பங்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். நட்டம் வந்தால் அவருடையது. படிவத்தில் ஒரு வரி இருக்கும்: பிழைக்கான காரணம். உண்மையான காரணத்தை எழுதினால் அன்றே வேலை போய்விடும். வாடிக்கையாளருக்குத் தான் தெரிந்ததைச் சொல்லாமல் தன் பங்கை அவருக்கே விற்பதற்கு நம் தொழிலில் மன்னிப்பு இல்லை. எழுதாமல் விட்டால் டிஸ்பென்சர் தெருவில். அரை மணி நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "ரத்துச் செய்ய வேண்டிய கட்டளையை ரத்துச் செய்யாத கவனக்குறைவு" என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையின் ஒரு சின்னத் துண்டு அது.

ஆக நான் விற்ற பங்கு எனக்கே திரும்பி வந்தது. விற்றதற்கும் வாங்கியதற்கும் இரண்டு தரகுக் கூலியை நானே கட்டினேன். டிஸ்பென்சரின் சர்வீஸ் காசு அவர் கணக்குக்குப் போனது. கட்டளையை ரத்துச் செய்யாத பிழை என்று அவரிடம் சொன்னேன், அவர் அதைக் கம்பியூட்டர் பிழை என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் அதிபரின் கட்டளையையும் திரும்ப எடுத்தேன். கொஞ்சம் பொறுங்கள் மாஸ்டர், நேரம் சரியில்லை என்று சொன்னேன். தலைமை அலுவலகம் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே மாதம் கூடுதல் வியாபாரம் செய்த கிளை என்று ஒரு சான்றிதழும் அனுப்பியது. இரண்டும் ஒரே உறையில் வந்தன.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பேச்சு முறிந்தது. வீதி மூடப்பட்டது. வரைபடத்தில் இருந்த சிவப்புப் புள்ளிகள் வரைபடத்திலேயே நின்றுவிட்டன. சாமான் விலை ஏறியது. மக்கள் நோய்ப்படுவதை நிறுத்தவில்லை, ரத்தம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பங்கு பாதிக்கும் கீழே போனது. டிஸ்பென்சர் விற்க மறுத்த சேமலாப நிதிப் பங்கும் அதோடு போனது. என் பேச்சைக் கேட்ட மிளகு வியாபாரிகள் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். அது நியாயம். டிஸ்பென்சர் எழுதிய கடிதத்துக்குக் கம்பெனி பதில் போட்டிருந்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி என்று ஒரு கடிதம், அழகான ஒரு கலண்டர், இலவச முழு உடல் பரிசோதனைக்கு ஒரு சீட்டு.

பலாபத்வலையில் வீடு எழும்பியது. நாலு அறை நினைத்தவர் இரண்டு அறை கட்டினார். ஓடு நினைத்தவர் தகரம் போட்டார். ஆனாலும் வீடுதான். பால் காய்ச்சும் அன்றைக்கு என்னையும் கூப்பிட்டார். போகாமல் இருக்க மூன்று பொய் யோசித்துவைத்திருந்தேன். அவரே வாடகை வான் வண்டியோடு வந்து நின்றதால் ஒன்றும் பலிக்கவில்லை.

தோட்டத்திலிருந்து ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்.

"இவருதான் அந்த சாரு. கம்பியூட்டர்ல பிழைபட்டு என் சர்வீஸ் காசு போயிருச்சு. நான் ஒரு வார்த்தை கேக்கல. அவராவே நட்டத்தைத் தன் தலையில போட்டுக்கிட்டு எனக்குத் திருப்பிக் குடுத்தாரு. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கேசரி கொண்டுவந்தாள். தோட்டத்தில் கொழுந்தெடுத்து விலகிய ஒரு அம்மா, தன் சேமலாப நிதிப் படிவத்தை முந்தானையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சாரு சொல்ற எடத்துல போட்டுருங்க."

"இந்தக் காசு எப்ப வேணும்மா உங்களுக்கு?"

"தை பொறந்ததும் வேணுங்க."

"அப்ப பேங்குல போடுங்க. என்கிட்ட வராதீங்க."

"பார்த்தீங்களா" என்றார் டிஸ்பென்சர், கூட்டத்தைப் பார்த்து. "அதான் நம்ம சாரு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவரை வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்ச் சொன்னேன். கம்பியூட்டர் பிழை இல்லை, நீங்கள் தாளைக் காட்டிவிட்டுப் போனபின் என் பங்கை நான் விற்றேன், அது உங்களிடம் வந்தது என்று சொன்னேன். புதிதாகப் பூசிய சுவரில் ஒரு இடத்தை அவர் விரலால் தடவிக்கொண்டிருந்தார். வேலைக்காரன் சரியாகப் பூசாமல் விட்ட இடம்.

"எனக்கு வித்தது நீங்களா சார்?"

"ஆமா ஐயா."

"வாங்குறது யாருன்னு தெரிஞ்சிருந்தா வித்திருக்க மாட்டீங்க. இல்லீங்களா?"

அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. எனக்குத் தப்பிக்க ஒரு வழி திறந்துவிடத்தான் கேட்டார். வீட்டில் குடிபுகுந்த நாளில் தன் விருந்தாளியை அவமானப்படுத்தி அனுப்ப அவருக்கு மனமில்லை.

"வித்திருக்கவே மாட்டேன் ஐயா" என்றேன்.

"அதானே. தெரியாம நடந்தது. வாங்க, சாப்பிடுங்க."

கையைப் பிடித்து அழைத்துப்போனார். சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன்பின் பல வருடம் தோட்டத்து ஆட்கள் என்னை நம்பி என்னிடம் வந்தார்கள். ஒருவரையும் ஏமாற்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

படிவத்தில் எழுதியது அரை உண்மை. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் 'வித்திருக்கவே மாட்டேன்' என்றதுதான் முழுப் பொய். வாங்கப் போகிறவர் யார் என்று தெரியாமல் நான் விற்கவில்லை. தெரியும் என்று நினைத்துத்தான் விற்றேன். அதிபருடைய பருத்த உடம்பு தெரியும், படியேறி மூச்சு வாங்கும் சத்தம் தெரியும், பென்ஷனில் மிச்சம் பிடித்த பணம் என்று அவர் சொன்னதும் தெரியும். தெரிந்த மனிதருக்குத்தான் விற்றேன். அது தவறிப் போய் இன்னொரு தெரிந்தவரின் கையில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.